செயினுக்கு ஆயில் வரவில்லையா? பம்பை மாற்றுவதற்கு முன் பாருங்கள்

(விவசாயிகளுக்கான வானொலி ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



மரம் அறுக்கும் மெஷினைப் பற்றி, அதாவது செயின் ரம்பத்தைப் பற்றி, இன்று சில வார்த்தைகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதில் அடிக்கடி வருகிற ஒரு பழுது, செயினுக்கு ஆயில் வராமல் போவது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, நாமே எதுவரை சரி செய்து கொள்ளலாம், எப்போது மெக்கானிக்கிடம் கொண்டு போக வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. விழுந்த மரத்தை அப்படியே போட்டு வைக்கவும் முடியாது. மட்கின தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அப்புறம் நிற்கிற மரத்துக்கும் ஆபத்து. ஆகவே மெஷின் வைத்திருந்தவர்களுக்கு ராப்பகலாக வேலை.

அந்தச் சமயத்தில் ஒரு கூலித் தொழிலாளி தன் மெஷினை என்னிடம் கொண்டு வந்தார். கடன் வாங்கி வாங்கிய மெஷின். பிளேடு நீலம் பாரித்துப் போயிருந்தது. "அண்ணே, செயின் புகையுது. ஒரு தடவை கழண்டும் விழுந்துடுச்சு" என்றார். நான் பார்த்தேன். செயினில் ஆயில் பசையே இல்லை. "பம்ப் போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டேன். தஞ்சாவூரிலிருந்து புதுப் பம்ப் வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் மத்தியானமே திரும்பி வந்து நின்றார். அதே புகை, அதே வறட்சி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான மெக்கானிக் ஒருவர் பிளேடை வாங்கி, அதில் இருந்த ஒரு சிறு துளையில் கம்பியை விட்டுக் குத்தினார். தென்னை நார்த்தூள் ஆயிலில் ஊறி, கெட்டியாகிப் புண்ணாக்கு மாதிரி வெளியே வந்தது. அவ்வளவுதான் பழுது! பம்ப் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நான் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அவருடைய பம்ப் காசும், நாலு காசு பார்க்க வேண்டிய நேரத்தில் போன இரண்டு நாள் கூலியும் திரும்பவில்லை. அன்றைக்குக் கற்ற பாடத்தைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த மெஷினில் இரண்டு டேங்க் உண்டு. ஒன்று பெட்ரோலும் 2டி ஆயிலும் கலந்து ஊற்றுவது. அது எஞ்சினுக்கு. இன்னொன்று செயின் ஆயில் ஊற்றுவது. "பெட்ரோலில்தான் ஆயில் கலக்கிறோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. அந்த ஆயில் எஞ்சினுக்குள் எரிந்து புகையாகப் போய்விடும். செயினுக்கு அதில் ஒரு சொட்டும் வராது.

செயின் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பிளேடின் விளிம்பில் ஒரு காடி இருக்கிறது. செயினின் அடிப்பக்கத்து நாக்குகள் அந்தக் காடிக்குள் இறங்கி ஓடுகின்றன. முழு வேகத்தில் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். இரும்பின் மேல் இரும்பு உரசுகிறது. அந்த விளிம்பு நெடுகப் பால்ரசோ பேரிங்கோ கிடையாது. நடுவில் இருப்பது ஒரு படலம் ஆயில் மட்டுமே. அது இல்லாவிட்டால் பிளேடு தேய்ந்து நீலம் பாரிக்கும். செயின் சூட்டில் நீண்டு தொங்கும், நழுவும். ஓடுகிற வேகத்தில் கழன்ற செயின் கையிலோ காலிலோ பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இதைச் சின்னப் பழுது என்று நினைத்து, "இந்த மரத்தை முடிச்சுட்டுப் பார்ப்போம்" என்று ஓட்டக்கூடாது.

சரி, ஆயில் வருகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்து கொள்வது? இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழிக்குச் செலவே கிடையாது. எப்போதும் இரண்டு டேங்கையும் சேர்த்தே நிரப்புங்கள். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது செயின் ஆயிலும் பெரும்பகுதி தீர்ந்து, கொஞ்சம்தான் மிச்சம் இருக்க வேண்டும். மெஷினை அப்படி அளவு வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் டேங்க் நிறைந்தபடியே இருந்தால் செயினுக்கு ஆயில் போகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது வழி, காகிதச் சோதனை. ஒரு வெள்ளைக் காகிதத்தையோ அட்டையையோ தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தில் கல் வையுங்கள். வெளுத்த நிறத்தில் புதிதாக வெட்டிய மரத்துண்டு இருந்தாலும் போதும். பிளேடின் நுனி அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும்படி, எதிலும் படாமல், மெஷினை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளுங்கள். முக்கால் வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குள் காகிதத்தில் ஆயில் ஒரு கோடாக விழ வேண்டும். விழுந்தால் சரி. விழாவிட்டால் வேலையை நிறுத்துங்கள்.

ஒரு விஷயம். மெஷினை ராத்திரி வைத்த இடத்தில் காலையில் ஆயில் கசிந்திருந்தால், "ஆயில் நிறைய வருது" என்று சிலர் திருப்திப்படுகிறார்கள். நின்ற மெஷினில் கசிவது வேறு, ஓடுகிற மெஷினில் பம்ப் ஆகி வருவது வேறு. ராத்திரி கசிகிற மெஷின் பகலில் வறண்டு ஓடலாம். காகிதச் சோதனையை மட்டுமே நம்புங்கள்.

இப்போது ஆயில் வருகிற பாதையைச் சொல்கிறேன். டேங்குக்குள் ஒரு சின்னப் பில்டர். அதிலிருந்து ஒரு ரப்பர் டியூப். டியூப் பம்புக்குப் போகிறது. பம்பைத் திருப்புவது கிளட்ச் பக்கத்தில் இருக்கிற ஒரு திருகுப் பல்சக்கரம். பம்பிலிருந்து ஆயில் மெஷினின் உடம்பில் உள்ள ஒரு துவாரத்தின் வழியாக வெளியே வருகிறது. அந்தத் துவாரத்துக்கு நேராகப் பிளேடில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே காடிக்குள் இறங்கி, செயினின் நாக்குகள் அதை வாரிக்கொண்டு நுனிவரை போகின்றன.

நம்முடைய பாசனம் மாதிரிதான் இதுவும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எடுத்த எடுப்பில் அணையைக் குறை சொல்வோமா? மதகுவரை வந்திருக்கிறதா என்று நடுவில் போய்ப் பார்ப்போம். வந்திருந்தால் அடைப்பு நம் வாய்க்காலில். வரவில்லை என்றால் மேலே பார்ப்போம். இங்கே மதகு என்பது மெஷினின் உடம்பில் ஆயில் வெளியே வருகிற துவாரம். பழுதை அந்த இடத்தில் இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான் அன்றைக்குச் செய்யத் தவறியது இதைத்தான்.

எப்படிப் பார்ப்பது? எஞ்சினை நிறுத்தி ஆற விடுங்கள. பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கைக்குத் தோல் உறை போடுங்கள். டேங்கில் ஆயில் இருக்கிறதா, செயின் ஆயிலுக்குப் பதில் பெட்ரோலை ஊற்றிவிட்டோமா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், அவசரத்தில் மூடி மாறிப் போகிறது. அப்படி ஊற்றியிருந்தால் முழுவதும் வடித்துவிட வேண்டும். பெட்ரோல் செயினில் தெறித்தால் தீப்பிடிக்கும்.

பிறகு பக்க மூடியைக் கழற்றி, செயினையும் பிளேடையும் எடுங்கள். உள்ளே அப்பியிருக்கிற தூளை ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். ஆயில் துவாரத்தைத் துணியால் துடைத்து அது நன்றாகத் தெரியும்படி வையுங்கள். கிளட்ச் டிரம்மைப் பிடித்திருக்கிற வாசரும் கிளிப்பும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரேக் கைப்பிடி விடுபட்ட நிலையில் இருக்க வேண்டும். இப்போது பிளக் ஒயரை மாட்டி, மெஷினைச் சமதரையில் வைத்து அழுத்திப் பிடித்து ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் வேகம் கொடுங்கள். சில மெஷின்களில் கிளட்ச் டிரம் சுற்றினால்தான் பம்ப் வேலை செய்யும், அதனால்தான் வேகம் கொடுக்கச் சொல்கிறேன். டிரம் மூடியில்லாமல் சுற்றும். கை, வேட்டி, துண்டு எதுவும் கிட்டே போகக்கூடாது. எட்ட இருந்து பார்த்தாலே போதும், துவாரத்தில் ஆயில் ஊறி வழிவது தெரியும்.

ஆயில் வருகிறதா? மகிழ்ச்சி. பம்பும் நன்றாக இருக்கிறது, டியூபும் நன்றாக இருக்கிறது. பழுது பிளேடு பக்கம். பிளேடின் ஆயில் துளையில் மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். துளை பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். காடியை ஒரு மெல்லிய தகட்டால் நுனி வரைக்கும் சுரண்டித் தூளை வெளியே தள்ளுங்கள். நுனிச் சக்கரம் கையால் சுற்றினால் இலகுவாகச் சுற்ற வேண்டும். வேறு மெஷினின் பிளேடை வாங்கி மாட்டியிருந்தால், அதன் துளை மெஷினின் துவாரத்துக்கு நேராக வருகிறதா என்று வைத்துப் பாருங்கள். துளை விலகியிருந்தால் எத்தனை ஆயில் ஊற்றினாலும் தரைக்குத்தான் போகும்.

துளை ஏன் திரும்பத் திரும்ப அடைக்கிறது என்றால், முக்கியமான காரணம் மழுங்கிய செயின். கூரான செயின் மரத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். மழுங்கினது மாவு மாதிரித் தூளாக்கும். அந்த மாவு ஆயிலில் குழைந்து அடைத்துக் கொள்கிறது. தென்னைத் தண்டின் வெளிப்பக்கம் மிகவும் கெட்டி, பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். தரையில் கிடக்கிற மரத்தில் மண்ணும் ஒட்டியிருக்கும். ஆகவே தென்னை அறுக்கிறவர்கள் அடிக்கடி அரம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, துவாரத்திலேயே ஆயில் வரவில்லை என்றால்? பழுது மெஷின் பக்கம். அப்போதும் பம்புக்குப் போகாதீர்கள். சுலபமானதிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று, டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து மறுபடி சோதனை செய்யுங்கள். மூடியைத் தளர்த்தினதும் ஆயில் வந்தால், டேங்குக்குள் காற்று போகிற வழி அடைத்திருக்கிறது. டின்னில் ஒரே ஓட்டை போட்டு எண்ணெய் ஊற்றினால் சரியாக வராதல்லவா, அந்த மாதிரி. காற்றுத் துளை மெஷினுக்கு மெஷின் வேறு வேறு இடத்தில் இருக்கும். கையேட்டைப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். மூடியைத் தளர்த்தியபடியே வேலை செய்யக்கூடாது.

இரண்டு, ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு. பல மெஷின்களில் அடிப்பக்கம் கிளட்சுக்கு அருகில் இருக்கும். யாராவது அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். நீளப் பிளேடு மாட்டும்போதும், கெட்டியான காய்ந்த மரம் அறுக்கும்போதும் ஆயில் அதிகம் வேண்டும். சில மெஷின்களில் இந்தத் திருகு இருக்காது, அளவு நிலையானது.

மூன்று, பில்டர். ஆயிலை வடித்துவிட்டு, வளைத்த கம்பியால் ஊற்றுகிற வாய் வழியாகப் பில்டரை மெல்ல வெளியே இழுங்கள். டியூபைக் குத்திவிடாதீர்கள். பில்டரை மண்ணெண்ணெயில் கழுவிக் காய வையுங்கள். பிசின் மாதிரி இறுகியிருந்தால் புதிது போடுங்கள். டேங்கின் அடியில் தூள் வண்டலாகப் படிந்திருந்தால் அதையும் அலசி ஊற்றுங்கள். மூடியைச் சுற்றித் துடைக்காமல் திறப்பதால்தான் அந்தத் தூள் உள்ளே விழுகிறது.

நான்கு, டியூப். பழைய டியூப் விறைத்து வெடித்துவிடும், அல்லது ஊறித் தொளதொளவென்று ஆகிவிடும். வெடிப்பு வழியாகப் பம்ப் ஆயிலை உறிஞ்சாமல் காற்றை உறிஞ்சும். விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பம்போடு சேருகிற இடத்தில் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து ஆயில் வரவில்லை என்றால், அப்போதுதான் ஐந்தாவதாகத் திருகுப் பல்சக்கரமும் பம்பும். இதற்குக் கிளட்சைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் கிளட்ச் நம் வழக்கத்துக்கு மாறான மரை. கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் சுத்தியலால் தட்டி உடைத்துக் கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழக்கமில்லாவிட்டால் இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் போவதுதான் நல்லது. போகும்போது, "பிளேடு சுத்தம், பில்டர் சுத்தம், டியூப் நல்லா இருக்கு, மூடி தளர்த்தியும் வரலை" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவரிடம் யாரும் தேவையில்லாத சாமானை விற்க முடியாது.

அந்தப் பல்சக்கரம் சில மெஷின்களில் பிளாஸ்டிக். பிரேக் போட்டபடியே வேகம் கொடுத்தால் கிளட்ச் டிரம் பழுக்கச் சூடாகி, பக்கத்திலிருக்கிற இந்தச் சக்கரம் உருகிவிடும். ஆகவே ஸ்டார்ட் ஆனதும், வேகம் கொடுப்பதற்கு முன்னால் பிரேக்கை விடுவியுங்கள். புதுச் சக்கரம் போட்டும் இந்தப் பழக்கம் மாறாவிட்டால் அதுவும் உருகும்.

அடுத்து, எந்த ஆயில் ஊற்றுவது? செயினுக்கென்றே விற்கிற ஆயில் பிசுபிசுப்பாக இருக்கும். வேகமாகச் சுற்றும்போதும் தெறித்துப் போகாமல் ஒட்டி நிற்கும். அதுவே நல்லது. அவசரத்துக்குக் கிடைக்காவிட்டால் புதிய எஞ்சின் ஆயில் ஊற்றலாம். ஆனால் டிராக்டரிலிருந்தும் மோட்டார் சைக்கிளிலிருந்தும் வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, பம்பையும் பிளேடையும் அரித்துத் தின்றுவிடும். அது மட்டுமல்ல, செயினுக்குப் போகிற ஆயில் டேங்குக்குத் திரும்பி வருவதில்லை. அத்தனையும் உங்கள் தோப்பு மண்ணிலும், அறுக்கிறவர் உடம்பிலும்தான் தெறிக்கிறது. கழிவு ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய்வரை கொண்டு போகும்.

"தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா?" என்று கேட்பீர்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைவது போலவே டியூபுக்குள்ளும் உறையும். மற்றத் தாவர எண்ணெய்கள் மெஷின் வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் பிசினாக இறுகி, பில்டரையும் பம்பையும் அடைக்கும். அவசரத்துக்கு ஊற்றியிருந்தால் வேலை முடிந்ததும் வடித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்போது பிளேடை மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள். இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். செயின் பிளேடின் அடிப்பக்கம் தொங்காமல் ஒட்டி நிற்க வேண்டும், அதே சமயம் உறை போட்ட கையால் இழுத்தால் இலகுவாக ஓட வேண்டும். அதிகம் இறுக்கினால் ஆயில் வந்தாலும் சூடாகும். சூட்டில் இறுக்கின செயினை வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள், ஆறும்போது அது சுருங்கும். பிறகு மறுபடியும் காகிதச் சோதனை. கோடு விழுந்த பிறகுதான் மரத்தில் கை வைக்க வேண்டும்.

பெருமக்களே, இதற்கெல்லாம் வேண்டிய சாமான் ஒரு ஸ்பானர், ஒரு பழைய பிரஷ், ஒரு கம்பி, ஒரு வெள்ளைக் காகிதம். பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் ஆயிலும் ஊற்றுங்கள். தினமும் சாயங்காலம் பிளேடைக் கழற்றித் துளையைக் குத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பேராவூரணித் தம்பி இன்றைக்கும் மெஷின் வைத்திருக்கிறார். இன்னும் என்னிடம்தான் வருகிறார், அது அவருடைய பெரிய மனசு. அவர் மெஷினின் கைப்பிடியில் ஒரு சைக்கிள் கம்பித் துண்டு நூலில் கட்டித் தொங்குகிறது. "இது எதுக்குத் தம்பி?" என்று ஒரு நாள் கேட்டேன். "துளை குத்தத்தான் அண்ணே. மறந்தா மறுபடியும் பம்ப் வாங்கச் சொல்லிடுவீங்க" என்றார். நீங்களும் ஒரு கம்பி கட்டிக் கொள்ளுங்கள்.